பாக்கி நூறைத் தாண்டினால் நான்தான் போகணும்

நாங்கள் நோட்டில் கடன் எழுதிச் சாமான் வாங்கிய அண்ணாச்சி கடையில் கூரையிலிருந்து ஒரு தகர டப்பா தொங்கும். அதன் அடியில் ஓட்டை. ஓட்டை வழியாக நூல் இறங்கி வரும். பருப்பையோ மிளகையோ செய்தித்தாளில் கூம்பாகச் சுருட்டிக் கொட்டி, மேல் விளிம்பை நாலு மடிப்பாக உள்ளே அமுக்கி, அந்த நூலைப் பிடித்து நெடுக்கே ரெண்டு சுற்று, குறுக்கே ரெண்டு சுற்று. அப்புறம் நூலை ஆள்காட்டி விரலில் ஒரு தடவை சுற்றி வெடுக்கென்று ஓர் இழுப்பு. கத்தி கிடையாது, கத்தரி கிடையாது. முடிச்சும் கிடையாது. நுனியைச் சுற்றுக்குள் செருகிவிடுவார். வீடு வரும்வரை அவிழாது.

அப்பாவுக்கு அந்த நூலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டில், நூற்கிற மிஷினைப் பார்த்துக்கொள்கிற சைடர் வேலை அவருக்கு. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே நூலை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து முறுக்குக்கு எதிராகத் திருகுவார். இழை இழையாகப் பிரிந்து வரும். ஒன்றை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இருவதாம் நம்பர். நாலு இழை போட்டு முறுக்கியிருக்கான். வேஸ்ட்டு" என்பார். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீள நூல் கொண்ட சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது பல வருஷம் கழித்துத்தான். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மில்லில் கழித்துப்போட்ட நூல் ஊரைச் சுற்றிவிட்டு, துவரம்பருப்பைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வருகிறது என்பது. அம்மா அதையெல்லாம் ஒரு குச்சியில் சுற்றிச் சேர்த்து வைப்பாள். வெள்ளிக்கிழமை மல்லிகை கட்ட அதுதான்.

கோயம்புத்தூரில் மில்களுக்கு நடுவில் இருந்தது எங்கள் வீதி. இந்த ஊரில் ஸ்டேன்ஸ் துரை 1888-லேயே முதல் மில்லை ஆரம்பித்துவிட்டாலும், 1930களில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் வரிசையாக முளைத்தன. மில் முளைத்த இடத்தில் வளவுகள் முளைத்தன. வளவு என்றால் ஒரே வாசலுக்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல். வளவு முளைத்த இடத்தில் ஒரு மளிகைக் கடை. அதை நடத்துகிறவர் அநேகமாகத் தெற்கிலிருந்து வந்தவர். எங்கள் அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கம். கடையில் முருகன் படம், அதற்குப் பக்கத்தில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் காலண்டர். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகப் பிறந்து, 1962-ல் பெயர் மாறிய வங்கி அது. அண்ணாச்சிக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு பக்தி.

எங்கள் வீதிக்குக் கடிகாரம் மில் சங்குதான். டே ஷிப்ட், ஆஃப் நைட், ஃபுல் நைட் என்று மூன்று தடவை ஊதும். காலைச் சங்குக்கு முன்னாலேயே கடையின் பலகைகள் கழற்றப்பட்டிருக்கும். பன்னிரண்டு பலகைகள், ஒவ்வொன்றிலும் தாரால் எழுதிய நம்பர். நம்பர் மாறினால் சட்டத்தில் பொருந்தாது. ஃபுல் நைட் முடிந்து வருகிறவர்கள் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சோடு வந்து பீடியும் டீத்தூளும் வாங்கிப் போவார்கள். கடைக்கு வெளியே கல்லுப்பு மூட்டை. இரவும் அது வெளியேதான் கிடக்கும். உப்பைத் திருடினால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. உப்பு விற்ற விலைக்கு எவனும் அதைத் தூக்க மெனக்கெட மாட்டான் என்பதும் உண்மைதான்.

மொழிதான் முதலில் பெரிய வேடிக்கையாக இருந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு வெள்ளைச் சர்க்கரை என்றால் 'அஸ்கா'. ஒடிசாவில் அஸ்கா என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய மதராஸ் மாகாணத்துக்குள் இருந்த ஊர், அங்கே சர்க்கரை ஆலை இருந்தது. அந்த ஊர்ப் பெயரே இங்கே சர்க்கரைக்குப் பெயராகிவிட்டது. அப்பத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. 'சக்கரை' என்றால் அவளுக்கு நாட்டுச் சர்க்கரை மட்டும்தான். அண்ணாச்சிக்கோ வெள்ளையாக இருந்தால் 'சீனி'. ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த கடைப் பையனிடம் ஒருநாள் அப்பத்தா, "கா கிலோ அஸ்கா போடு சாமி" என்றாள். பையன் உள்ளே போனான். டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து வந்து, சீனி மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அஸ்கா தீந்துபோச்சு ஆச்சி" என்றான்.

வத்தல் என்று அண்ணாச்சி சொல்வது எங்கள் வரமொளகாய். எங்களுக்கு வத்தல் என்பது எண்ணெயில் பொரிக்கிற சமாச்சாரம். ஒரு கல்யாண வீட்டுக்குச் சாமான் லிஸ்ட் எழுதியதில் இதனால் ஒரு குழப்பம் வந்து, மூன்று கிலோ மிளகாய் திரும்பிப் போன கதையை இப்போதும் எங்கள் சொந்தத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அளவையிலும் அப்பத்தா அந்தக் காலத்து ஆள். ரூபாய்க்கு நூறு பைசா என்பது 1957-லேயே வந்துவிட்டது. கிலோவும் 1958-லிருந்து படிப்படியாக வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அப்பத்தா புளியை வீசையிலும் பெருங்காயத்தைப் பலத்திலும்தான் கேட்பாள். ஒரு வீசைக்கு நாற்பது பலம். ஒரு பலம் கிட்டத்தட்ட 35 கிராம். "அரைப் பலம் சுக்கு" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சியின் கை இருபது கிராம் படிக்கல்லுக்குப் போயிருக்கும். அந்த இரண்டரை கிராம் அவருடைய தாராளம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா அப்படி நினைக்கவில்லை. கிலோ வந்ததே ஏழைகளை ஏமாற்றத்தான் என்று கடைசிவரை நம்பியவள் அவள். அரிசி மட்டும் படியில். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சொல்லி ஜெயித்தவர்கள், ஒரு படித் திட்டத்தை முதலில் கொண்டுவந்தது சென்னையிலும் கோவையிலும்தான். அந்த வரிசையில் நின்ற கதையை அப்பா சொல்வார். அண்ணாச்சியிடம் கேட்டால் வேறு கதை: "அரிசி யாவாரம் படுத்துட்டு. ஆனா பருப்பு யாவாரம் கூடிட்டு பாத்துக்கிடுங்க." அரிசியில் மிச்சம் பிடித்த காசு பருப்புக்கு வந்ததாம்.

படியில் அளக்கும்போது அவர் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்பார். லாபம், ரெண்டு, மூணு. நானும் வெகுநாள் எண்ணிக்கை அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் ஒருமுறை 'லாபம்' என்று ஆரம்பித்து டீச்சரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

சரி, அந்தக் கடன் நோட்டுக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதைத்தான்.

நாற்பது பக்க நோட்டை நடுவில் நெட்டுக்கு வெட்டித் தைத்த மாதிரி ஒரு சின்ன நோட்டு. மேலே பிள்ளையார் சுழி. அட்டையில் அப்பாவின் பெயர் இருக்காது. 'ஸ்பின்னிங்' என்று எழுதி, கீழே அவருடைய டோக்கன் நம்பர் இருக்கும். மில்லுக்குள் அப்பா அந்த நம்பர்தான். மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில், சம்பளக் கவரில், நோட்டீஸ் போர்டில் எல்லாம் அதுதான். அண்ணாச்சியிடம் ஒரு பெரிய பேரேடு; எங்களிடம் இந்தச் சின்ன நோட்டு. வாங்கும்போது கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் எழுதுவார். பற்று, வரவு, பாக்கி.

அந்த நோட்டு எப்போது கனக்கும், எப்போது இளைக்கும் என்பதைச் சட்டம் தீர்மானித்தது என்றால் சிரிப்பீர்கள். 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற ஆலையில் மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. அதற்கு மேல் ஆள் இருந்தால் 10-ஆம் தேதிக்குள். எங்கள் வீதியில் சின்ன மில் ஆட்களும் உண்டு, பெரிய மில் ஆட்களும் உண்டு. ஆகவே அண்ணாச்சிக்கு மாதத்தில் இரண்டு தீபாவளி. ஏழாம் தேதி சாயங்காலம் ஒரு கூட்டம், பத்தாம் தேதி சாயங்காலம் ஒரு கூட்டம். அந்த இரண்டு நாளும் அவர் சட்டை போட்டிருப்பார். மற்ற நாளெல்லாம் கை வைத்த பனியன்.

மில் சமாச்சாரம் மில்லில் வேலை பார்த்தவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். போனஸ் சட்டத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. புரட்டாசி பிறந்ததிலிருந்து அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், "பேச்சுவார்த்தை எந்த மட்டுல இருக்கு?" என்பார். அப்பா உதட்டைப் பிதுக்குவார். போனஸ் எவ்வளவு என்று முடிவானால்தான் ரங்கே கவுடர் வீதி மண்டியில் எத்தனை மூட்டை மைதா, எத்தனை டின் டால்டா சொல்வது என்று அவரால் முடிவு செய்ய முடியும். இருபது என்றால் டால்டா. எட்டேகால் என்றால் கடலையெண்ணெய். அந்த மண்டியிலும் அவர் எடுப்பது கடனுக்குத்தான். மண்டிக்காரருக்கு விருதுநகரில் ஒரு பாக்கி இருக்கும். பருப்பு, மல்லி, மிளகாய் எல்லாவற்றுக்கும் அந்த நாளில் விலை சொல்லும் ஊர் விருதுநகர். அப்பா ஒரு மாதம் சம்பளம் வாங்காவிட்டால் அந்த இழுப்பு எங்கேயோ தெற்கில் ஒருவர் கல்லாப்பெட்டிவரை போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மாதக் கடைசியில் நோட்டைப் பார்க்காமலேயே பாக்கி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நூறு ரூபாய்க்குள் இருந்தால் அம்மா கடைக்குப் போவாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியில் நாலு பேரிடம் பேசிக்கொண்டு. நூறைத் தாண்டினால், "அம்முணி, அந்தப் பையை எடு" என்பாள். குழந்தையிடம் யார் பாக்கி கேட்பது? இருபத்தைந்தாம் தேதிக்குமேல் அந்தக் கடை முன்னால் பார்த்தால் ஒரே பொடிசுகளாக நிற்கும். வீதியே தன் கடனைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கும்.

அண்ணாச்சிக்கும் அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார். "என்ன தாயி, அம்மைக்கு மேலுக்குச் சொகமில்லையோ?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். மாதத்தில் பத்து நாள் எங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது.

இந்த மாதிரி எழுதும்போது அண்ணாச்சிக்கு மாலை போட்டுவிடுகிற ஆபத்து இருக்கிறது. 'அந்தக் காலத்து மனுஷங்க' என்று ஆரம்பித்து உருகுகிற பதிவுகளை நானும் வாசிக்கிறேன். எனக்கு அவ்வளவு உருக்கம் வரவில்லை. அவர் கடையில் எந்தச் சாமானும் டவுன் விலையைவிட ஐந்து பைசா, பத்து பைசா கூடத்தான். வட்டி என்று சொல்லாத வட்டி அது. பருப்பைப் பொட்டலத்தோடு சேர்த்துத்தான் நிறுப்பார். நாலு தாள் செய்தித்தாளின் எடையும் துவரம்பருப்பு விலைக்குப் போகும். பச்சைப்பயறில் கல் பொறுக்குவது எங்கள் வீட்டில் சனிக்கிழமை வேலை.

ஒருமுறை ஒரே தேதியில் நல்லெண்ணெய் இரண்டு தடவை ஏறியிருந்தது. அம்மா அன்று என்னை அனுப்பவில்லை. தானே போனாள், பாக்கி நூற்று நாற்பது இருந்தபோதும். "ஏனுங்கண்ணாச்சி, வியாழக்கெழம நாங்க எண்ணெ வாங்கவே இல்லீங்களே" என்று ஆரம்பித்தது, கடை முன்னால் கூட்டம் சேருகிற அளவுக்குப் போனது. அவர் பேரேட்டைக் காட்டினார். அதிலும் இரண்டு தடவை இருந்தது. "இதுலயும் எழுதுனது நீங்கதானுங்களே" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். மூன்று வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு கடையில் ரொக்கத்துக்கு வாங்கினாள். நாலாவது வாரம் ரொக்கம் இல்லை.

திரும்பிப் போன அன்று நானும் கூட இருந்தேன். அம்மா எதுவும் சொல்லாமல் நோட்டை நீட்டினாள். அவர் வாங்கி, பக்கத்தைப் புரட்டி, எழுத ஆரம்பித்தார். "பிள்ளைக்குப் பரிச்ச முடிஞ்சிட்டா?" என்றார். "முடிஞ்சுதுங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பக்கத்தின் கடைசியில் 'கழிவு' என்று போட்டு, ஒரு நல்லெண்ணெய்க் காசு குறைத்திருந்தது.

அப்புறம் அந்தக் கடைப் பையன். என் வயசுதான் இருக்கும். மனக்கணக்கில் என்னை மூன்று தடவை தோற்கடித்திருக்கிறான். ஐந்தாவதுகூட முடிக்கவில்லை. கடையிலேயே சாப்பாடு, சாக்கு மூட்டைகள் மேல் படுக்கை, வருஷத்துக்கு ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவான். விருதுநகரில் வியாபாரிகள் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை என்று ஒரு காசு எடுத்து வைத்து, அந்தப் பணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிக்கூடம் கட்டியவர்கள். காமராஜர் படித்தது அங்கேதான். இதை அண்ணாச்சியே பெருமையாகச் சொல்வார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "ஏலே, அந்த அரிசி மூட்டைய இங்ஙன இழு" என்று பையனிடம் குரல் கொடுப்பார். அவன் பின்னால் சொந்தக் கடை வைத்தான், நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. அப்படிக் கடை வைக்காமல் போன பையன்களும் இருந்திருப்பார்கள் இல்லையா? அவர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

நான் ஏழாவதோ எட்டாவதோ படித்த வருஷம் மழை பொய்த்தது. அணையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மில் ஓடாது. முதலில் ஒரு ஷிப்ட் நின்றது. அப்புறம் லேஆஃப், அதாவது வேலை இல்லை என்று ஆட்களைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது. சங்கு ஊதாத காலைகள் எப்படி இருந்தன என்று சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் அதே நேரத்துக்கு எழுந்துவிட்டார்கள். எழுந்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

லேஆஃப் என்றால் நிரந்தரத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்கும், சட்டப்படி. அப்பா நிரந்தரம். சித்தப்பா அதே மில்லில் பதிலி. யாராவது வராத நாளில் மட்டும் வேலை. பதிலிக்கு லேஆஃப் பணம் கிடையாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அப்பாவுக்குப் பாதி, சித்தப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு.

அண்ணாச்சி எல்லோருக்கும் கொடுத்தார் என்று சொன்னால் பதிவு அழகாக முடிந்துவிடும். அவர் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. இரண்டாவது மாதம் சித்தப்பாவின் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. "மண்டில எனக்கு இறுக்குதாங்க, நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றாராம். அவர் கடன் கொடுத்தது எங்கள் முகத்துக்கு இல்லை, அட்டையில் இருந்த டோக்கன் நம்பருக்கு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நம்பர் உறுதியாக இருந்தால் நோட்டு ஓடும். சித்தப்பாவிடம் நம்பர் இல்லை.

எங்கள் நோட்டு ஓடியது. ஆனால் அண்ணாச்சி அதை ஓட்டிய விதம் தனி. அம்மா சீட்டில் துவரம்பருப்பு ஒரு கிலோ என்று எழுதி அனுப்பினால், "பருப்பு இப்பம் நல்லா வரல தாயி. தட்டப்பயிறு புதுசா வந்திருக்கு, கொண்டு போ" என்பார். அவர் கால் பக்கத்திலேயே பருப்பு மூட்டை வாய் திறந்து கிடக்கும். காபித்தூள் கேட்டால், "டவுனுக்கு ஆள் போகல." நல்லெண்ணெய் பாதியானது. கொள்ளு கூடியது. கொள்ளுப் பருப்பும் ராகிக் களியும் எங்களுக்கு ஒன்றும் புதுசில்லை. ஆனால் வீட்டில் யாரும் 'வாங்க முடியவில்லை' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையில் இல்லை, அவ்வளவுதான். அது எங்கள் மானத்தைக் காப்பாற்றியதா, அவருடைய முதலைக் காப்பாற்றியதா என்றால், ஒரே பொட்டலத்தில் இரண்டும் இருந்தன என்றுதான் சொல்வேன்.

அதே மாதத்தில் எங்கள் அரிசிக் கணக்கு ஏறியது. நோட்டில் இருக்கிறது, நான் எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வழக்கமாக மாதம் முப்பது கிலோ. அந்த மாதம் நாற்பத்தெட்டு. பயறு, உப்பு, புளி எல்லாம் அதே மாதிரி ஏறியிருந்தன. அம்மா எங்கள் நோட்டில் இரண்டு வீட்டுக்கு வாங்கினாள். பாதியைத் தூக்குச்சட்டியிலும் முறத்திலுமாகச் சித்தி வீட்டுக்கு நான்தான் கொண்டு போவேன், பின்வாசல் வழியாக. அண்ணாச்சிக்குத் தெரியாமலா இருக்கும்? எங்கள் வீட்டில் எத்தனை வயிறு என்பது அவருக்குத் தெரியாதா? ஒருநாள் அரிசியை அளந்து கொட்டிக்கொண்டே, "உங்க வீட்டுல எல்லாரும் நல்லாத் திங்கீகளே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அவர் அளப்பதை நிறுத்தவில்லை.

மழை வந்தது, மில் ஓடியது. பாக்கி அடைய இரண்டு தீபாவளி ஆனது. இரண்டாவது தீபாவளிக்கு இருபது சதவீதம் கிடைத்தும் எங்களுக்குப் புதுத்துணி கிடையாது. போனஸ் கவரை அப்பா வீட்டுக்குக் கொண்டு வராமல் நேராகக் கடைக்குக் கொண்டு போனார். அண்ணாச்சி எண்ணி, கல்லாவில் போட்டு, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஒரு கால் கிலோ பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இருவதாம் நம்பர் இல்லீங்களே" என்றாராம். மில் வேஸ்ட் நூலை வாங்கி விற்கிற வியாபாரியும் மாறியிருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நூல் டப்பா தொங்கிய இடத்தில் ஷாம்பு சரம் தொங்கியது. 1983-ல் கடலூரில் சிக் ஷாம்பு ஆரம்பித்த பிறகு, சீயக்காய்த் தூள் நிறுக்கிற வேலை மெல்லக் குறைந்தது. பாலித்தீன் பை வந்தது. பொட்டலம் மடிக்கிற விரல்களுக்கு வேலை போனது. அம்மா பூக்கட்ட நூலைக் காசு கொடுத்து வாங்கினாள். மில்காரர் வீட்டில் நூலுக்குக் காசா என்று அப்பா ஒருநாள் முழுக்கப் புலம்பினார். பின்னால் மில்லும் மூடியது. செட்டில்மென்ட் வந்த வருஷத்தில் அண்ணாச்சி கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். தம்பி மகனுக்கு நோட்டுப் பழக்கம் பிடிக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை.

நோட்டுகள் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பதினொன்று. போன பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது பரண்மேல் இருந்த டால்டா டின்னுக்குள் கிடைத்தன. கட்டியிருந்தது அதே மாதிரி நூலால். வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அண்ணாச்சியின் எழுத்து எறும்பு வரிசை மாதிரி சாய்ந்து போகும். து.ப., உ.ப., க.எ., தீப்பெட்டி, 501 சோப்பு, நீலம். தங்கச்சி பிறந்த மாதம் பெருங்காயமும் சுக்கும் வரிசையாக. அப்பத்தா செத்த அன்று ஊதுபத்தி, சூடம், பன்னீர். அந்தத் தேதியில் மட்டும் எழுத்து அண்ணாச்சியுடையது இல்லை, கடைப் பையனுடையது. அண்ணாச்சி அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றிருந்தார்.

அப்புறம் சீரகம். 'சீரகம் 0.10.' வாரத்தில் இரண்டு, சில வாரம் மூன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அது சீரகம் இல்லை, கமர்கட். கடைக்குப் போய்க் கண்ணாடி ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்த ஒருநாள், அண்ணாச்சி இரண்டு கமர்கட்டை எடுத்து என் கையில் வைத்து, "நோட்டுல சீரகம்னு போட்டுக்கிடுதேன். அம்மைட்ட சொல்லிராத" என்றார். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. வாய்விட்டுக் கேட்கக்கூட வேண்டாம். ஜாடிப் பக்கம் பார்த்தால் போதும். நாற்பது வருஷமாக அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லேஆஃப் மாதங்களில் ஒரு சீரகம்கூட இல்லை. அவர் நிறுத்தினாரா, நான் ஜாடியைப் பார்ப்பதை நிறுத்தினேனா என்று ஞாபகம் இல்லை.

அம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"இதைப் பாரும்மா. சீரகம்."

கண்ணைத் தூக்கவில்லை. "வாரத்துக்கு மூணு தடவ சீரகம் போட்டு என்ன கண்ணு சமைக்கிறது? மொத மாசமே கேட்டுட்டேன் அவர்கிட்ட."

"என்ன சொன்னாரு?"

"புள்ளைக்குத்தானுங்கன்னாரு. சரி, எழுதிக்கங்கன்னுட்டேன்."

"காசு வாங்கிக்கிட்டாரா?"

"வாங்காம? கூட்டிப் பாரு."

கூட்டிப் பார்த்தேன். எல்லாச் சீரகத்தையும் சேர்த்துத்தான் கூட்டியிருந்தார். அதோடு, அந்தப் பக்கத்தின் கூட்டலில் நாற்பது பைசா அதிகமாக இருந்தது. மறுபடியும் கூட்டினேன். நாற்பது பைசாதான். சொன்னேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடினாள்.

"எந்த மாசம்?"